ஒரு சிப்பாயையும் சாகவிடாமல் போரை ஜெயிப்பது எப்படி?

கன்சோலில் மட்டும் கிடைத்துவந்த வியூக விளையாட்டு ஒன்று பிசிக்கு வந்துவிட்டது. வாழ்த்துகள். அதை எப்படியெல்லாம் விளையாடக் கூடாதோ அப்படியெல்லாம் விளையாட இனி உங்களுக்குத் தடையே இல்லை. ஆனால் பலர் இந்த வசதியை அரைகுறையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருநாள் சேவ் செய்ய மறக்கிறார்கள். இன்னொரு நாள் கதையை உட்கார்ந்து கேட்டுத் தொலைக்கிறார்கள். எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கையேடு.

பயிற்சிக்கு 'வால்கிரியா கிரானிக்கிள்ஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சேகா நிறுவனம் பிளேஸ்டேஷன் 3-க்காக 2008 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்டது. பிசிக்கு வந்தது 2014 நவம்பர் 11 அன்று. கதை நடப்பது 1935-இல், யூரோப்பா என்ற கற்பனைக் கண்டத்தில். பெரிய பேரரசு ஒன்று காலியா என்ற சின்ன நாட்டுக்குள் படையோடு புகுகிறது. பூச்சியையும் செடியையும் நோட்டில் வரைந்துகொண்டிருந்த வெல்கின் என்ற மாணவனும், ரொட்டி சுடத் தெரிந்த அலிசியா என்ற பெண்ணும் மக்கள் படையில் சேர்ந்து ஏழாம் பிரிவில் போருக்குப் போகிறார்கள்.

ஆட்டம் இப்படி. மேலிருந்து வரைபடத்தைப் பார்த்து ஒரு வீரரைத் தேர்ந்தெடுப்பீர்கள். உடனே கேமரா இறங்கி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அவரை நீங்கள்தான் ஓட்டிப் போக வேண்டும். ஓடும்போதே எதிரி சுடுவான். ஒவ்வொரு முறை ஆளை எடுக்கவும் ஓர் ஆணைப்புள்ளி செலவு, டாங்கிக்கு இரண்டு. புள்ளி தீர்ந்தால் எதிரியின் முறை.

ஆக, எதைச் செய்தாலும் ஒரு விலை உண்டு. வியூக விளையாட்டின் சாரமே அந்த விலைதான். அதைக் கடைசிவரை கொடுக்காமல் தப்பிப்பது நம் லட்சியம். தொடங்கலாம்.

1. ஆறு வருடம் ஓயாமல் கேளுங்கள்

உழைப்பு விளையாட்டு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. கன்சோல் வாங்காதீர்கள், வாங்கினால் விளையாடியாக வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, சேகா எதை அறிவித்தாலும், அது சோனிக் ஓடும் விளையாட்டாகவே இருந்தாலும், "வால்கிரியா எப்போ பிசிக்கு வரும்?" என்று கேளுங்கள். வந்தால் முதல் ஆளாக வாங்குவேன் என்று சத்தியம் செய்யுங்கள். சத்தியத்துக்குக் காசு செலவில்லை.

இது பலிக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். 'டார்க் சோல்ஸ்' பிசிக்கு வேண்டும் என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், 2012-இல் வந்தது. உங்கள் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உள்ளே 1024-க்கு 720 அளவில் மட்டுமே படத்தைத் தீட்டியது. வெளியான அன்றே ஒரு ரசிகர் அதற்கு ஒரு திருத்தம் எழுதி இலவசமாகக் கொடுத்தார். இதில் நமக்குப் பாடம்: கேட்டால் கிடைக்கும், கிடைத்ததைத் திட்டலாம், சரிசெய்யும் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

2. போர்ட் செய்வதில் என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளாதீர்கள்

கன்சோல் விளையாட்டைப் பிசிக்கு மாற்றுவதுதான் போர்ட். அதில் உள்ள வேலையைத் தெரிந்துகொண்டால் பொறுமை வந்துவிடும். பொறுமை இந்தப் பயிற்சிக்கு ஆகாது.

பிளேஸ்டேஷன் 3-க்குள் இருந்தது சோனி, ஐபிஎம், தோஷிபா மூன்று நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய 'செல்' என்ற செயலி. மேற்பார்வைக்குப் பெரிய மையம் ஒன்று, அதன் கீழே கணக்குப் போடுவதற்கென்றே சின்ன மையங்கள் பல. அதற்குத் தகுந்தாற்போல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிய நிரலை, பிசியின் செயலி அப்படியே வாங்கிக்கொள்ளாது. எண்களை நினைவகத்தில் அடுக்கும் வரிசைகூட ஒன்றுக்கொன்று தலைகீழ். போதாக்குறைக்கு, கன்சோல் என்றால் ஒரே மாதிரிப் பெட்டி. பிசி என்றால் ஆளுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, ஆளுக்கு ஒரு திரை, ஆளுக்கு ஒரு குறை.

இதையெல்லாம் யாராவது விளக்க வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். "ஒரு பட்டனைத் தட்டினா முடிஞ்சுது, சோம்பேறிங்க" என்று சொல்லிப் பழகுங்கள். தினமும் காலையில் ஒருமுறை சொன்னால் நாக்கில் படிந்துவிடும்.

3. வந்த அன்று வாங்காதீர்கள்

விலை 20 டாலர். கூடுதல் அத்தியாயங்கள் எல்லாம் உள்ளேயே வந்துவிடும். ஜப்பானியக் குரலும் உண்டு, ஆங்கிலக் குரலும் உண்டு. இவ்வளவு கொடுத்த பிறகும் நீங்கள் அசையக் கூடாது. ஆறு வருடம் காத்திருந்தவருக்குக் கோடைத் தள்ளுபடி எம்மாத்திரம்? கோடையில் குறைத்தால் குளிர்காலத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். விலை முக்கால்வாசி இறங்கிய நாளில், அதோடு இன்னும் எட்டு விளையாட்டுகளையும் சேர்த்து வாங்குங்கள். மிச்சம் பிடித்த காசைவிடக் கூடுதலாகச் செலவானால்தான் தள்ளுபடியைச் சரியாகப் பயன்படுத்தினீர்கள் என்று அர்த்தம்.

வாங்கியதும் திறக்காதீர்கள். நூலகப் பட்டியலில் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிகிறதா? நல்லது. அடுத்த வருடம் சந்திப்போம்.

4. அமைப்புப் பக்கத்திலேயே குடியேறுங்கள்

ஒருவழியாகத் திறந்துவிட்டீர்கள். அவசரப்பட்டு 'புதிய ஆட்டம்' அழுத்திவிடாதீர்கள். முதலில் திரை அளவை 4கே-வுக்கு ஏற்றுங்கள். நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எஃப்.பி.எஸ். எண்ணை மூலையில் ஓடவிடுங்கள். இனி உங்கள் கண் அந்த மூலையை விட்டு நகரக் கூடாது.

இந்த விளையாட்டின் காட்சிகள் நீர்வண்ணத்தில் தீட்டி, பென்சிலால் நிழல் போட்டதுபோல இருக்கும். அதற்கென்றே 'கேன்வாஸ்' என்று ஒரு வரைகலை இயந்திரத்தைச் செய்தார்கள். படத்தின் ஓரங்கள் காகிதத்தின் வெண்மையில் கரைந்து போகும். குண்டு வெடித்தால் அந்தச் சத்தமே எழுத்தாகத் திரையில் எழும்பும். நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எண் 60-இலிருந்து 58-க்கு இறங்கியதா? இறங்கினால் நிழலைக் குறையுங்கள். ஏறினால் கூட்டுங்கள். மறுபடி இறங்கும். மறுபடி குறையுங்கள். விருந்துக்குப் போய் இலையின் நீள அகலத்தை அளந்துவிட்டுக் கை கழுவும் மனிதர் ஒருவர் ஊருக்கு வேண்டும். அது நீங்களாகவே இருங்கள்.

பிசி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில் 2015 ஜூனிலிருந்து ஒரு விதி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 14 நாட்கள் தானாகவே போய்விட்டன. மிச்சமிருக்கும் 2 மணி நேரத்தையும் அமைப்புப் பக்கத்திலேயே கழிப்பதுதான் திறமை. முதல் தோட்டா வெடிப்பதற்குள் கெடு முடிந்துவிட வேண்டும்.

5. கையில் எது இல்லையோ அதுதான் சிறந்தது என்று வாதாடுங்கள்

கன்ட்ரோலர் வைத்திருந்தால், குறிபார்க்க மவுஸ்தான் சரி என்று சொல்லுங்கள். மவுஸை எடுத்ததும், இது கட்டைவிரலுக்காகச் செய்த விளையாட்டு, கன்ட்ரோலர் இல்லாமல் ஆடுவது பாவம் என்று சொல்லுங்கள். இரண்டையும் செருகி வைத்துக்கொண்டு மாறி மாறி எடுங்கள். குறி தவறும்போதெல்லாம் குற்றத்தைக் கையில் இல்லாத கருவியின் பக்கம் தள்ள வசதியாக இருக்கும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. குறிபார்க்கும் நேரத்தில் ஆட்டம் நின்றுவிடுகிறது. எதிரி காத்திருப்பான். மவுஸானாலும் கன்ட்ரோலரானாலும் உங்களுக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. தோட்டா குறிபார்க்கும் வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் விழும் என்பதால், கையின் வேகத்தைவிட எவ்வளவு அருகில் போனீர்கள் என்பதே முக்கியம். இந்த உண்மையை வாதத்தில் கொண்டுவராதீர்கள். வாதம் முடிந்துவிடும்.

6. முதல் போருக்கு முன்பே முழு வழிகாட்டியையும் படியுங்கள்

ஏழாம் பிரிவில் 20 பேருக்கு இடம். தேர்ந்தெடுக்க அதைவிடப் பெரிய கூட்டமே காத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், முகம், குரல், குணம். ஒருவருக்கு மகரந்தம் ஒவ்வாது. செடிகொடிப் பக்கம் நிறுத்தினால் சுணங்கிப்போவார். இன்னொருவருக்குச் சுற்றிலும் ஆள் இல்லாவிட்டால்தான் கை நிதானப்படும். வேறொருவர் தனக்குப் பிடித்தவர் அருகில் நின்றால் அவரோடு சேர்ந்து தானும் சுடுவார். பழகப் பழகத்தான் இதெல்லாம் தெரியவரும்.

பழகாதீர்கள். தரவரிசைப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுங்கள். மேலே இருக்கும் பெயர்களைச் சேருங்கள். கீழே இருப்பவர்களை ஒருமுறைகூடப் பார்க்காமல் கழியுங்கள். அடுத்த வளைவில் எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான், எந்தத் திருப்பத்தில் புது டாங்கி வரும், எந்தப் புதருக்குப் பின்னால் கண்ணிவெடி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்யுங்கள். திடுக்கிடும்படி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு, "இதில் திடுக்கிடும்படி ஒன்றுமே இல்லை" என்று சலித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

7. மூச்சு விடும்போதெல்லாம் சேவ் செய்யுங்கள்

இதுதான் இந்தக் கையேட்டின் உயிர்நாடி. கவனமாகப் படியுங்கள்.

வரைபடத்துக்குத் திரும்பும்போதெல்லாம், போர் நடுவிலேயே சேவ் செய்ய இந்த விளையாட்டு அனுமதிக்கிறது. கன்சோல்காரர்களுக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் லோடு ஆவதற்குக் காத்திருக்கும் அலுப்பில், சரி போகட்டும் என்று பலர் தொடர்ந்துவிடுவார்கள். உங்களிடம் எஸ்எஸ்டி இருக்கிறது. அலுப்பு என்ற கடைசித் தடையும் நீங்கிவிட்டது.

முறை இதுதான். சேவ் செய்யுங்கள். ஆளை ஓட்டுங்கள். சுடுங்கள். பட்டதா? சேவ். படவில்லையா? லோடு. அடுத்த ஆள். சேவ். ஓட்டம். இரண்டு தோட்டா கூடுதலாக மேலே பட்டதா? உயிர் பாதிக்கு மேல் இருந்தாலும் லோடு. கௌரவம் முக்கியம்.

இந்த ஒழுக்கத்துக்கு எதிரிகளும் உண்டு. 2012-இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' விளையாட்டில், அதிர்ஷ்டக் கணக்கையும் சேவ் கோப்போடு சேர்த்தே பதிந்து வைத்தார்கள். லோடு செய்து அதே இடத்திலிருந்து அதே ஆளைச் சுட்டால் அதே தோட்டா அதே மாதிரித் தவறும். பிறகு மனமிரங்கி, லோடு செய்யும்போதெல்லாம் அதிர்ஷ்டத்தைக் குலுக்கிப் போடும் ஒரு விருப்பத்தேர்வையும் கொடுத்தார்கள். உங்களைப் போன்றவர்களைப் படைப்பாளிகள் முன்பே அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

8. பெயர் தெரியாதவரைக்கூடச் சாகவிடாதீர்கள்

இந்தப் போரில் ஒரு வீரர் விழுந்தால் உங்களுக்கு மூன்று முறை அவகாசம். அதற்குள் நம் ஆள் ஒருவர் ஓடிப் போய்த் தொட வேண்டும். மருத்துவப் பெண் வந்து தூக்கிச் செல்வாள். எதிரி முந்திக்கொண்டு தொட்டாலோ, அவகாசம் முடிந்தாலோ, போனவர் போனவர்தான். கதையின் முக்கிய பாத்திரங்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் திரும்பி வருவதில்லை.

விளையாட்டை உருவாக்கியவர்கள் இங்கே நிறைய வேலை செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் சாகும்போது பேசுவதற்குத் தனியாக வசனம் எழுதி, குரல் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். ஒரு கல்லறைத் தோட்டமும் அமைத்திருக்கிறார்கள். இறந்தவர் பெயர் அங்கே கல்லில் ஏறும்.

அவ்வளவு வேலையும் வீணாக வேண்டும். யார் விழுந்தாலும் அந்த நொடியே லோடு செய்யுங்கள். ஓடிப் போய்த் தொடலாமா, அதற்கு ஒரு புள்ளி செலவழித்தால் பாலம் கைவிட்டுப் போகுமா, யாரை அனுப்புவது என்றெல்லாம் யோசிக்காதீர்கள். அந்த யோசனைக்குப் பெயர்தான் வியூகம். அதில் மாட்டிக்கொண்டால் நேரம் போவதே தெரியாது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம், தப்பில்லை. அங்கே ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். அனுபவப் புள்ளி கொடுத்தால் புதுப்புது ஆணைகளைக் கற்றுத் தருவார். சுற்றிலும் பெயரே இல்லாத புல்தரை. அதை ஒரு கடையாக மட்டும் நினைத்துக்கொண்டு வாங்கியதை எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

9. ஒருத்தியை மட்டும் ஓடவிடுங்கள்

போர் முடிந்ததும் மதிப்பெண் உண்டு. எத்தனை எதிரியை வீழ்த்தினீர்கள், எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. எத்தனை முறைக்குள் முடித்தீர்கள் என்பது ஒன்றே கணக்கு. சீக்கிரம் முடித்தால் 'ஏ' தரம், கூடுதல் பணம், கூடுதல் அனுபவம்.

விளையாட்டின் உண்மையான ஓட்டை இதுதான். ரசிகர்களே பல வருடங்களாகச் சொல்லிவரும் குறை. ஓட்டை இருக்கிறது என்றால் அதன் வழியே போவது உங்கள் கடமை.

சாரணர் வகுப்பினர்தான் அதிக தூரம் ஓடுவார்கள். அலிசியா சாரணர். அவள்மேல் பாதுகாப்பைக் கூட்டும் ஆணையைப் போடுங்கள், தாக்குதலைக் கூட்டும் ஆணையைப் போடுங்கள், புள்ளி முழுவதையும் அவளுக்கே கொடுங்கள். அடுத்தடுத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஓடும் தூரம் குறையும். பரவாயில்லை, அதற்குள் எதிரியின் முகாமைத் தொட்டுவிடுவாள். வழியில் மணல்மூட்டை, பதுங்குகுழி, உயரமான புல், பின்பக்கம் நீலமாக ஒளிரும் ரேடியேட்டரைக் காட்டிக்கொண்டு நிற்கும் எதிரி டாங்கி எல்லாம் இருக்கும். எதையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

டாங்கியைத் துளைக்கும் வேல்படை வீரர், கூரையில் படுத்துக் குறிபார்க்கும் ஸ்னைப்பர், கண்ணிவெடி அகற்றும் பொறியாளர், வெல்கினின் எடல்வைஸ் டாங்கி எல்லோரும் தொடங்கிய இடத்திலேயே நிற்கட்டும். ஒரு நாட்டின் விடுதலைப் போரை ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி தனியாக ஓடி முடித்துவிட்டாள். 'ஏ' தரம். கைதட்டுங்கள்.

10. ஏழாம் அத்தியாயத்தில் மனசாட்சியை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்

மேற்படி ஓட்டம் எல்லா இடத்திலும் பலிக்காது. ஏழாம் அத்தியாயத்தில் பாலைவன இடிபாடுகளுக்கு நடுவே பாடோமிஸ் என்ற ராட்சத டாங்கி வரும். அதன் பாதையைப் பார்த்து, ரேடியேட்டர்களைக் குறிவைத்து, பல வகுப்பு வீரர்களையும் சேர்த்துப் பயன்படுத்தியாக வேண்டும். பாதியில், தோட்டாவுக்கு அஞ்சாத செல்வேரியா என்ற பெண்ணும் களத்தில் இறங்குவாள். இதுவரை நீங்கள் யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை, எந்த வீரரின் குணமும் தெரியாது, தோற்றுப் பழக்கமும் இல்லை.

இந்த நேரத்தில் "ஒருவேளை நாம் ஆடிய விதம்தான் தப்போ?" என்று ஒரு குரல் கேட்கும். உடனே 'ட்ரெய்னர்' நிரல் ஒன்றை இறக்குங்கள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்துக்குள் புகுந்து எண்களை மாற்றும் நிரல் அது. ஒரு விசையைத் தட்டினால் ஆணைப்புள்ளி குறையவே குறையாது. இன்னொன்றைத் தட்டினால் உயிர் குறையாது. எதிரிக்கு முறையே வராது. பேரரசின் படை முழுவதும் நின்ற இடத்தில் நின்று, நீங்கள் ஒவ்வொருவராகச் சுட்டு முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்கும்.

ஆறு வருடம் காத்திருந்தது எதற்காக என்று இப்போது யாரும் கேட்கக் கூடாது. நீங்களும் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

11. கதை வரும்போது போனை எடுங்கள்

இந்த விளையாட்டு ஒரு புத்தகம்போல விரிகிறது. போர்முனைக்குப் போன பெண் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய நூலின் பக்கங்களைப் புரட்டுவதுபோல, படம் படமாகத் தொட்டுத் தொட்டு முன்னேற வேண்டும். ஹிட்டோஷி சகிமோட்டோவின் இசை பின்னால் ஓடும். டார்க்சென் என்று ஓர் இனம் வருகிறது. பழைய காலத்துப் பேரழிவுக்கு அவர்கள்தான் காரணம் என்று பழி சுமத்தி, ஊரே ஒதுக்கி வைத்திருக்கிறது. பேரரசு அவர்களை முகாமில் அடைத்து வேலை வாங்குகிறது. ஏழாம் பிரிவுக்குள்ளேயே அவர்களோடு நிற்கப் பிடிக்காதவர்கள் உண்டு. அந்த வெறுப்பு எப்படிக் கரைகிறது, யாரிடம் கரையாமல் நிற்கிறது என்பது கதையின் நடுநரம்பு.

நீங்கள் ஸ்கிப் பொத்தானில் விரலை வையுங்கள். சில காட்சிகளைத் தாண்ட மனம் வரவில்லையா? ஓடவிட்டுவிட்டு, பக்கத்துத் திரையில் வேறு எதையாவது பாருங்கள். குரல் ஜப்பானிய மொழியில் இருந்தால் இன்னும் நல்லது; காதும் தப்பித்துவிடும். பிறகு நண்பர்களிடம், "கதை பெரிசா ஒண்ணும் இல்ல, அனிமே மாதிரி இருக்கு" என்று சொல்லுங்கள்.

12. லோடு செய்தும் திரும்பாத ஒருவரைச் சந்தியுங்கள்

இதற்கு உங்களைத் தயார்படுத்த முடியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். கதை பாதியைத் தாண்டியதும், ஒரு போரை ஜெயித்து முடித்த பிறகு, ஏழாம் பிரிவில் ஒருவர் சாகிறார். யார் என்று சொல்ல மாட்டேன். விதியையோ அதிர்ஷ்டத்தையோ ஏய்த்து அவரைக் காப்பாற்ற வழியே இல்லை. அது ஆட்டத்துக்கு வெளியே, கதைக்குள் நடக்கிறது. 'ஏ' தரம் வாங்கியிருந்தாலும் நடக்கும். ட்ரெய்னரில் உயிரைப் பூட்டி வைத்திருந்தாலும் நடக்கும்.

நீங்கள் வழக்கம்போல லோடு செய்வீர்கள். மறுபடி ஜெயிப்பீர்கள். மறுபடி சாவு. வழிகாட்டியில் தேடுவீர்கள்; தவிர்க்க முடியாது என்று ஒரே வரியில் போட்டிருக்கும்.

சாதாரணமாக விளையாடுபவருக்கு இந்த இடம் கொஞ்சம் பழகிய வலி. அவர் ஏற்கெனவே இரண்டொருவரைப் புதைத்திருப்பார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரைப் பறிகொடுத்திருப்பார். வெல்கின் கலங்கி நிற்கும்போது அவருக்கு ஏன் என்று தெரியும். உங்களுக்கு இது ஒரு பிழைபோலத் தோன்றும். கணக்குப்படி யாரும் சாகவே முடியாத உலகத்தில் திடீரென்று ஒருவர் எப்படிச் செத்தார்?

அப்படித் தோன்றினால் பயிற்சி முழு வெற்றி. விளையாட்டை அங்கேயே நிறுத்துங்கள். மொத்தம் 18 அத்தியாயங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். பார்க்க மாட்டீர்கள்.

13. தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்

'பரிந்துரைக்கவில்லை' என்று குறியுங்கள். காரணம்: சவாலே இல்லை, ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருப்பது அலுப்பு, வீரர்கள் மனதில் நிற்கவில்லை, கதை திடீரென்று அநியாயம் செய்கிறது. ஒவ்வொரு குறையையும் நீங்களே பாடுபட்டு உண்டாக்கியிருக்கிறீர்கள் என்பதால், தயக்கமில்லாமல் எழுதலாம்.

உங்களைப் போன்றவர்களையும் மீறி இந்த போர்ட் நன்றாகவே விற்றது. வெளியானதும் ஸ்டீமின் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. 2018-இல் நான்காம் பாகம் பிசிக்கும் சேர்த்தே வந்தது. இரண்டாம், மூன்றாம் பாகங்கள் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்காகச் செய்தவை. மூன்றாம் பாகம் ஜப்பானைத் தாண்டி வெளியாகவே இல்லை. ஆகவே அதைத்தான் முதலில் கேளுங்கள்.

சேகா அசையாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்' பிசிக்கு வந்து சேர்ந்தது 2025 செப்டம்பர் 30 அன்று. 28 வருடக் காத்திருப்பு. பழைய மூல நிரல் கையில் இல்லாமல், வெளிவந்த விளையாட்டுகளையே அலசிப் பார்த்து அதைத் திரும்பக் கட்டினார்கள். முழுவதற்கும் குரல் கொடுத்தார்கள். பழைய வடிவம் வேண்டுவோருக்கு அதையும் தனியாக வைத்தார்கள். 2007-இன் பிஎஸ்பி பதிப்பில் சேர்த்திருந்த கூடுதல் பாத்திரங்களும் புது வகுப்புகளும் மட்டும் இதில் இல்லை. இத்தனை வேலையில் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டியது எது என்று இனி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நடக்கலாம். மின்சாரம் போய் சேவ் கோப்பு பழுதாகலாம். அலுப்பில் லோடு செய்யாமல் தொடர்ந்துவிடலாம். அப்போது பட்டியலில் கீழே இருக்கும் ஒரு வீரரை வேறு வழியில்லாமல் களத்தில் இறக்க நேரிடும். அவர் புதரில் பதுங்கி, யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு டாங்கியைப் பின்பக்கமாக அடித்து நொறுக்கிவிடுவார். அவர் பெயர் உங்கள் நினைவில் தங்கிவிடும். அடுத்த போரில் அவர் விழுவார். மூன்று முறை அவகாசம். கையில் ஒரே ஒரு புள்ளி. அப்போது உங்கள் கை மவுஸில் அசையாமல் நிற்கும். மூலையில் எஃப்.பி.எஸ். எவ்வளவு ஓடுகிறது என்றே தெரியாது. இந்த அறிகுறிகள் தென்பட்டால் உடனே எழுந்து தண்ணீர் குடியுங்கள்.

"சேவ் பொத்தானைத் தொடாமல் ஒரே ஒரு போரை ஆடிப் பாருங்கள், தோற்றால் தோற்றுப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டு சிலர் உங்களை அணுகுவார்கள். நம்பாதீர்கள். அவர்களை அடையாளம் காண்பது எளிது: விளையாட்டை அவர்கள் முடித்திருப்பார்கள்.